வெளிச்சம் பட்டால் அவுட்

இந்தக் கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நான் டீக்கடையில் போய் உட்கார்ந்தால், "அண்ணன் வந்துட்டாரு, எல்லாரும் கண்ண மூடிக்கங்க" என்று யாராவது ஒருவன் சொல்லாமல் விடமாட்டான். ஆகவே ஏதோ ரகசியத்தை உடைக்கப் போகிறேன் என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். தெருவுக்குத் தெரியாதது இதில் ஒன்றே ஒன்றுதான். அது எனக்கே வெகு பின்னால்தான் தெரிந்தது.

ரங்கூன் ஓரத்து லைங் தாயாவில், புயலில் பாதிக் கூரை போன ஒரு நெல் கிடங்கு சும்மா கிடந்தது. எங்கள் கூட்டாளி ஒருவனின் மாமனாருக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் அங்கே போய் பொம்மைத் துப்பாக்கி வைத்துச் சண்டை போடுவோம். சின்னப் பையன்கள் இல்லை. ஒருவனைத் தவிர எல்லோருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி இருந்தது. துப்பாக்கி பார்ப்பதற்கு அசல் போலவே இருக்கும். பட்டாள ஆட்சி நடந்த அந்த நாளில் ரங்கூனில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய லொஞ்சிக் கைலியில் சுற்றி, மேலே கீரைக்கட்டு வைத்து, காய்கறிப் பையில் கொண்டுபோவோம். சாயங்காலம் கீரை வாடி வதங்கி வீடு திரும்பும். என் மனைவி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

குண்டுதான் எங்களுக்குப் பெரிய பஞ்சம். பட்டாணி அளவில் மஞ்சள் பிளாஸ்டிக் குண்டு. சீன எல்லையிலிருந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சுட்ட குண்டையே தரையில் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து மறுபடி போடுவோம். மண் ஏறித் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் கீழே ஒரு சின்ன லேசர் விளக்கு உண்டு. குண்டு எங்கே போய்ப் படும் என்பதை ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். குண்டே வேண்டாம், தலையில் வெளிச்சம் பட்டால் அவுட் என்று வைத்துக்கொள்வோம் என்றேன். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

ஆனால் குண்டு பட்டால் சுரீர் என்கிறது. வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரிவதில்லை. என்மேல் படவே இல்லை என்று ஒவ்வொருவனும் சாதித்தான். அதற்கும் நான்தான் வழி சொன்னேன். சுட்டவன் துப்பாக்கியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். மற்றவன் நின்ற இடத்திலேயே திரும்பி, துப்பாக்கியை நேராகப் பார்க்க வேண்டும். 'போதும்' என்று சுட்டவன் சொல்லும்வரை பார்க்க வேண்டும். கண்ணில் வெளிச்சம் தெரிந்தால் அவன் அவுட். தெரிந்ததா இல்லையா என்பதை மனசாட்சிப்படி அவனே சொல்ல வேண்டும்.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஒருவன் கண்ணுக்குள் லேசரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று ஆறு தலைகளில் ஒன்றுக்குக்கூடத் தோன்றவில்லை. கண்ணாடிதான் போட்டிருக்கிறோமே என்று தைரியமாக இருந்தோம். குண்டு தெறித்துவிடக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் பிடிவாதமாக வாங்கவைத்த கண்ணாடி அது. நிறமே இல்லாத பிளாஸ்டிக். குண்டைத் தடுக்கும், வெளிச்சத்தை அப்படியே உள்ளே விட்டுவிடும்.

கல்யாணமாகாத அந்த ஒருவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. கப்பல் வேலைக்குப் படித்து முடித்திருந்தான். கம்பெனியும் கூப்பிட்டுவிட்டது. மெடிக்கல் மட்டும்தான் பாக்கி. மாமியார் வீட்டில் எதைப் பேசினாலும் கப்பலில்தான் வந்து முடியும். ஒழுகுகிற கூரை, தங்கச்சி கல்யாணம், எல்லாவற்றுக்கும் 'அவன் கப்பலுக்குப் போகட்டும்' என்பதுதான் பதில். அதுவரை வீட்டில் சும்மா இருந்தவனை விளையாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது நான். அவனுக்குப் பொய் வராது. வராத தும்மலை வந்ததாகச் சொல்லக்கூடத் தெரியாத ஆள்.

மற்றவர்கள் புள்ளி கண்ணில் பட்டதும் சிமிட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவன் மட்டும் 'போதும்' என்ற சொல் வரும்வரை கண்ணை விரித்து வைத்துக்கொண்டு நிற்பான். நான் எப்படி என்றால், திரும்பும்போதே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அவ்வளவு தூரத்தில், கண்ணாடிக்குள்ளே நான் என்ன செய்கிறேன் என்று யாருக்குத் தெரியப் போகிறது? 'ஒன்றுமே தெரியவில்லையே' என்பேன். கண்ணுக்குப் பயந்து மூடினேன் என்றாலாவது கொஞ்சம் மரியாதை இருக்கும். தோற்கப் பிடிக்காமல்தான் மூடினேன்.

சிவப்பு விளக்கோடு சில மாதங்கள் ஓடின. பிறகு நடைபாதைக் கடையில் பச்சை விளக்கு ஒன்று வாங்கினேன். ஆபத்தில்லை என்கிற மாதிரி ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. கிடங்கின் ஒரு கோடியில் பிடித்தால் மறு கோடி பளீரென்றது. சுற்றுக்கு ஒருவர் என்று அதைக் கை மாற்றி வைத்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அது என் கையில் இருந்த சுற்றில், இருட்டு மூலையில் நின்ற மச்சினன் தலையில் புள்ளியைப் பிடித்துவிட்டேன். குரல் கொடுத்தேன். அவன் திரும்பிப் பார்த்தான். உடனே 'போதும்' என்று சொல்லியிருக்கலாம். ஜெயித்த குஷியில், பாருங்கடா பாருங்கடா என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் சொன்னேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அவன் இடது கண்ணில் தூசி விழுந்து, அதைப் பொத்திக் கசக்கிக்கொண்டு நின்றான். வருவது நம் பஸ்ஸா பார் என்றேன்.

"அத்தான், நம்பர்ல நடுவுல உள்ளது அழிஞ்சு கெடக்கு" என்றான்.

நான் பார்த்தேன். வெள்ளைப் பெயிண்டில் மூன்று பர்மிய எண்களும் முழுசாக இருந்தன. வெயில் கூசியிருக்கும், தூங்கினால் சரியாகிவிடும் என்றேன். அவனும் நம்பினான். சரியாகவில்லை. அக்கா முகத்தைப் பார்த்தால் மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் திட்டு, கதவைப் பார்த்தால் அதன் விளிம்பு வளைந்து தெரிகிறது என்று அவன் சொன்ன பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் மனைவியும் கூட வந்தாள்.

பர்மியப் பெண் டாக்டர். சொட்டு மருந்து விட்டு, நெடுநேரம் உள்ளே பார்த்தார். வலது கண்ணில், கூர்ந்து பார்க்கிற நடு இடத்தில் தீக்காயம் என்றார். இந்த மாதிரி விளக்குகளின் சீட்டில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது, எழுதியதைவிடப் பல மடங்கு இருக்கும் என்றார். அவருக்கு ஒன்றுதான் புரியவில்லை. கண்ணில் சுடுகிற வெளிச்சம் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும், அதுதான் கண்ணுக்கு இயற்கை கொடுத்த காவல், இவர் ஏன் மூடவில்லை என்று கேட்டார். விளையாட்டின் விதி அப்படி என்றான் மச்சினன். யார் போட்ட விதி என்று அவன் சொல்லவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள்.

அங்கே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நானும் அவனைப் போலத்தான் பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று முந்திக்கொண்டு சொன்னேன். அப்படியானால் உங்களையும் பார்த்துவிடுவோம் என்று டாக்டர் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு நான் அசையாமல் இருந்தேன். அவர் இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்தார். இரண்டுமே சுத்தமாக இருக்கின்றன, ஒரு கீறல்கூட இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். இவரைப் போலவே பார்த்திருந்தால் இப்படி இருக்காது என்றும் சேர்த்துக்கொண்டார். நல்ல கண் இருப்பதற்காக ஒரு மனிதன் கூனிக் குறுகியது அந்த ஆஸ்பத்திரியில் அன்றுதான் நடந்திருக்கும்.

என் மனைவி வராந்தாவுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"அவன் பாத்துக்கிட்டு நின்னான். நீங்க மூடிக்கிட்டீங்க. அப்படித்தானே?"

நான் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். விஷயம் அவளிடமிருந்து மாமியார் வீட்டுக்கும், அங்கிருந்து தெருவுக்கும் போய்விட்டது.

திட்டு கொஞ்சம் சுருங்கியது, போகவில்லை. கப்பல் மெடிக்கலில் இடது கண்ணை மறைத்துக்கொண்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னபோது, நடுவில் உள்ளவை தெரியவில்லை என்று உள்ளபடியே சொல்லிவிட்டு வந்தான். மனப்பாடம் செய்துகொண்டு போகச் சொல்லி வீட்டில் எல்லோரும் கெஞ்சியிருந்தார்கள். கப்பல் போயிற்று. அவனை என் பிளாஸ்டிக் சாமான் கடையில் சேர்த்துக்கொண்டேன். பெரிய தர்மம் செய்கிறவன்போல நான் அதைச் செய்ததை நினைத்தால் அதுவும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மழைநாளில் கடையில் ஆள் இல்லை. மனது தாங்காமல் அவனிடம், அன்றைக்கெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு பொய் சொன்னேன், உன் பிழைப்பைக் கெடுத்தவன் நான்தான் என்றேன். அவன் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மூடுறீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும், அத்தான். ஆனா எங்கிட்ட நீங்க பொய் சொல்லல. அக்கா புருஷன் மூஞ்சிக்கு நேரா எப்படிப் புடிக்கறது? நீங்க திரும்புறதுக்குள்ள லைட்ட அணைச்சுடுவேன். ஒண்ணும் தெரியலன்னு சொல்வீங்க. அங்க ஒண்ணும் இல்லதான்."

சொல்லிவிட்டு அடுத்த வாளியை எடுத்தான். அவன் எதிரில் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றபோதெல்லாம் அவன் கையில் வெளிச்சமே இருந்ததில்லை. அவன் திரும்பி நின்றபோது என் விரல் விளக்கின் பொத்தான்மேல்தான் இருந்தது. நான் அணைக்கவில்லை.