சரசக்காவின் இலையும் என் வீட்டு மைக்ரோவேவும்

இன்று குன்னூரிலிருந்து வெலிங்டன் வரும் பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். அதிக சக்தி மைக்ரோவேவுக்கு ஆன்டெனா வடிவமைப்பது என் வேலை. திரையில் சிமுலேஷன் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் எங்கள் தெரு சரசக்கா. காலடியில் அவர் தோட்டத்தில் பறித்த ஒரு மூட்டை பச்சைத் தேயிலை. விலை சரிந்து கிடக்கிற நேரத்தில், ஃபேக்டரியில் இன்று இலையே வேண்டாமென்று திருப்பிவிட்டார்களாம்.

திரையைக் காட்டிக் கேட்டார்: "ஏனுங்க, இதென்ன செவப்பா நாக்கை நீட்டிட்டு இருக்குது?"

"ஆன்டெனாவுல இருந்து மைக்ரோவேவ் போற திசைங்க அக்கா. சமைக்கிற மைக்ரோவேவ் அடுப்புல வர்றதேதான். இது ரொம்பப் பெரிய சக்தி."

அக்கா காலடி மூட்டையைப் பார்த்தார். "அப்ப இது இலையைக் காய வெக்குமா?"

"வெக்கும். ஆனா செவப்பு படற எடம் கருகிரும், ஓரமெல்லாம் ஈரமாவே இருக்கும்."

"ஃபேக்டரியிலயும் சில நாள் அப்பிடித்தானுங்க ஆகுது. உங்க ஊட்டுல அந்த அடுப்பு இருக்குதா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மாலை முழுக்க என் சமையலறையில் பிடி பிடியாக இலையை வாட்டினோம். அக்கா கையால் உருட்டித் தர, மறுபடி காய வைத்தோம். முதல் தட்டு கருகியது. மூன்றாவது தட்டு இலையில் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "இதை நானே வித்துக்குவேனுங்க" என்றார். பஸ் ஏறியதிலிருந்து அப்போதுதான் சிரித்தார். எனக்கும் சந்தோஷம். என் வேலையில் எதையும் இதுவரை குடித்துப் பார்த்ததில்லை.

மூட்டையில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. என் அடுப்பு சூடேறி நின்றுவிட்டது. வெலிங்டன் பக்கம் யார் வீட்டில் மைக்ரோவேவ் இருக்கிறது? சொல்லுங்கள், அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.