என் கைச்சோறு

கொத்தமல்லித் தூள் டப்பாவுக்குள் நான் புதைத்து வைத்திருந்த அந்தச் சின்னப் பொட்டலத்தின் மேல் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ராயகிரிப் பக்கம் ஒருவரிடம் வாங்கியது. குழம்பில் கலந்தால் போதும், குடிப்பவருக்குத் தெரியவே தெரியாது, குடி தானாக விட்டுப்போகும் என்றார். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக் கொடுக்கிற நான், நான்கு மாதம் என் வீட்டுக்காரருக்கு அதைக் கலந்து போட்டேன். அவர் விசைத்தறி மேஸ்திரி. பதினோரு வருடக் குடி. பொடி கலந்த பிறகு, குடித்த அன்றெல்லாம் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாரடைப்போ என்று பயந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

ஒருநாள் தறிக்கூடத்திலேயே விழுந்துவிட்டார். சங்கரன்கோவிலில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில், குடிநோயாளிகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். குட்டையான உருவம், கணீர்க் குரல். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டுப் போனபிறகு சிஸ்டரின் வேலை தொடங்கும். எத்தனை மணிக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறதா, வேலை விட்டதும் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது, வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று, சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி விசாரிப்பார்.

அந்த வாந்தியும் முகச் சிவப்பும் சிஸ்டருக்கு எதையோ சொல்லியிருக்க வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், அண்ணாச்சிக்கு வீட்ல வச்சு எதும் குடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அவுக உயிரு சம்பந்தப்பட்டது, அதான் கேக்கேன்" என்றார். சொல்லிவிட்டேன். திட்டவில்லை; டாக்டரிடம் ஓடினார். திரும்பி வந்து, நீங்களேதான் உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டும் என்றார்.

"சொன்னா எந்திரிச்சு நேரா கடைக்குத்தான் போவாக, சிஸ்டர்."

"போனாலும் போவாக. ஆனா ஒளிச்சுக் குடிச்ச மனுசனுக்கு ஒளிச்சே மருந்து குடுத்தா, வீட்ல ஒளிக்கதுதான் மிஞ்சும்."

சொன்னேன். அவர் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை. "ஏட்டி, இனி உன் கையால பச்சத்தண்ணி வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும் அதே பிடிவாதம். டீக்கடைப் பன்னும் வாழைப்பழமுமாக ஒரு வாரம் ஓடியது. பதினோரு வருடம் என் உயிரை எடுத்தவருக்கு இப்போது என்மேல் சந்தேகமா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சிஸ்டரிடம் போய்க் கொட்டினேன். அவர் சிரித்தார். "நல்லதாப் போச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்ப அவுககிட்ட விட்ருங்க. அவுக வைக்கத நீங்க குறை சொல்லாம சாப்பிடுங்க."

ஆறு மணி என்பது அவர் கடைக்குக் கிளம்புகிற நேரம். சிஸ்டர் அதைத்தான் குறிவைத்தார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அடுப்பை விட்டுக்கொடுத்தேன். இவர் ஐந்தரைக்கே மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கப் போய்விடுவார். முதல் நாள் சோறு குழைந்து களியாகிவிட்டது. கை நடுங்கியதில் உப்பு அதிகமாகக் கொட்டிவிட்டது. ஆனால் உலையைக் கொதிக்க விட்டுவிட்டு மனிதர் எங்கே போவது? சமைத்ததில் பசி வந்தது, சாப்பிட்டதில் தூக்கம் வந்தது. மாத்திரையும் தவறவில்லை, வாரம் ஒருமுறை இரண்டு பேரும் சிஸ்டர் முன்னால் போய் உட்காருவதும் தவறவில்லை. அங்கே எனக்கும் நிறைய அழ வேண்டியிருந்தது.

சிஸ்டர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு குடிக்கவில்லை. இன்றும் பள்ளிக்கூட கேட்டில் யாராவது ஒரு பெண் காத்து நின்று, "டீச்சர், அந்தப் பொடி எங்கன கிடைக்கும்?" என்று கேட்பதுண்டு. அவளைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். போகிற வழியில் ஒரு சாயங்காலத்தைப் பற்றிச் சொல்வேன்.

அன்று காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து வந்தார். "ஏட்டி, இன்னைக்கு நீ வையி. எனக்குக் கை வலிக்கி" என்றார். வலியெல்லாம் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். குழம்பு வைத்து, பரிமாறிவிட்டு எதிரே நின்றேன். அவர் முகர்ந்து பார்க்கவில்லை. என்னை முதலில் சாப்பிடச் சொல்லவில்லை. பிசைந்து ஒரு வாய் வைத்தார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.