ஏழாம் தொட்டி உப்பு

சூயும்கானின் ஊரில் ஆடுகள் கொடுத்து வைத்தவை. மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து வீட்டுக்கு இரண்டு பாக்கெட் அயோடின் உப்பு இலவசமாகக் கொடுப்பாள். பெண்கள் மரியாதையாக வாங்கிக்கொண்டு, அவளுக்குத் தேநீரும் ரொட்டியும் வைப்பார்கள். அவள் தலை மறைந்ததும் பாக்கெட்டைக் கிழித்து ஆட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். மருந்துக்கடை வாடை அடிக்கிற உப்பை மனுஷர் தின்பார்களா? மனுஷருக்கு மலையில் வெட்டிய சாம்பல் நிறக் கல்லுப்பு இருக்கிறதே! ஆடுகள் கொழுத்தன, பெண்களுக்குக் கழுத்து வீங்கியது.

சூயும்கானின் கழுத்து வாத்து முட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள், அத்தோடு அந்தக் கவலை தீர்ந்தது. வயது ஐம்பத்து நாலு. இசிக்குல் ஏரியின் தென்கரையில் உள்ள டிரவுட் மீன் பண்ணையில் இருபத்திரண்டு வருஷமாகக் குஞ்சு பார்க்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. காலையில் எழுந்திருக்க அவளுக்கு இருந்த ஒரே காரணம் அந்த எட்டுக் குஞ்சுத் தொட்டிகள்தான்.

அந்த வசந்தத்தில் குஞ்சுகள் வளரவில்லை. பொரித்து, வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருப் பை கரைந்து, தீவனம் தின்னத் தொடங்கி இரண்டு மாதமாகியும் அப்படியே நின்றன. தலை பெரிசு, உடம்பு குச்சி. தீவனம் போட்டால் பாய்ந்து வராமல், வரலாமா வேண்டாமா என்று யோசித்து வந்தன. சிலவற்றுக்குத் தாடைக்கடியில் சிவப்பாய் ஒரு புடைப்பு.

மேலாளர் குபானிச் வந்து பார்த்தான். முப்பத்தைந்து வயது, தலைநகரில் நிர்வாகம் படித்தவன். மீனோடு அவனுக்கு இருந்த பழக்கம் சாப்பாட்டுத் தட்டோடு சரி.

"எஜே, தீவனம் எங்க போகுது?" என்றான். மூத்த அக்காவைக் கூப்பிடுகிற அதே மரியாதையோடுதான் திருட்டுப் பட்டமும் கட்டினான்.

"மீன் வாய்க்குள்ள போகுது. வேற எங்க போகும்?"

"உங்க வீட்டுக் கோழியெல்லாம் கொழுகொழுன்னு இருக்காமே."

"மீன் தீவனம் தின்னா முட்டையில கவிச்சி அடிக்கும் தம்பி. போன வாரம் என் வீட்டுல உக்காந்து அஞ்சு முட்டை தின்னீங்களே, அடிச்சுதா?"

குபானிச் முகம் சிவந்தது. "கோடைக்குள்ள குஞ்சு தேறலைன்னா வேற ஆள் பார்க்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திருடி என்றதைக்கூடச் சூயும்கான் பொறுத்துக்கொண்டாள். வேற ஆள் என்றானே, அதுதான் பொறுக்கவில்லை. மறுநாள் எட்டுத் தொட்டியிலும் குஞ்சுகளைப் பிடித்து அளந்தாள். ஏழாம் தொட்டிக் குஞ்சுகள் மட்டும் மற்றதைவிட விரல் அகலம் நீளம். அதே தண்ணீர், அதே தீவனம். இதற்கு மட்டும் என்ன வந்தது?

உட்கார்ந்து யோசித்தபோது உறைத்தது. பூஞ்சைக்குப் போடுகிற கல்லுப்பு ஏழாம் தொட்டிக்கு வரும்போது எப்போதும் தீர்ந்துபோகும். கடைசியில் இருந்த எட்டாம் தொட்டிக்குப் பூஞ்சையே வரவில்லை. ஏழாவதற்கு மட்டும் வீட்டிலிருந்து ஆட்டு உப்பில், அந்த நர்ஸ் பாக்கெட்டில், தினமும் ஒரு பிடி கொண்டுவந்து கரைத்துக்கொண்டிருந்தாள். சந்தேகத்துக்கு அதையே மூன்றாம் தொட்டியிலும் கரைத்துப் பார்த்தாள். மூன்றே வாரத்தில் அங்கேயும் குஞ்சுகள் தீவனத்துக்கு முட்டி மோதின.

விஷயத்தைக் கேட்ட குபானிச் கூப்பிட, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பெகிமை என்ற மீன் டாக்டர் வந்தாள். சின்னப் பெண். ஒரு குஞ்சின் தொண்டையைக் கீறிப் பார்த்தாள்.

"மீனுக்கும் தைராய்டு இருக்கு எஜே. அதுக்கு அயோடின் வேணும், உங்க மலைத் தண்ணியில அது இல்ல. அது இல்லைன்னா எலும்பு நீளாது, செதில் ஒழுங்கா வராது, சுறுசுறுப்பு போயிடும். நாளாகும், ஆனா குஞ்சாவே நிக்கும். கிடைக்காததைத் தேடித் தேடி அந்தச் சுரப்பி வீங்கிடும்." பேசிக்கொண்டே நிமிர்ந்தவள் சூயும்கானின் கழுத்தைப் பார்த்தாள். "நீங்க வீட்டுல என்ன உப்பு போடுறீங்க?"

"ஏன், நான் என்ன மீனா?" என்று சூயும்கான் பேச்சை முடித்துவிட்டாள்.

எட்டுத் தொட்டிக்கும் அயோடின் வந்தது. கோடையில் மீன்கள் துள்ளின. மாவட்டப் பத்திரிகையில் குபானிச் வலையோடு நிற்கிற படம் வந்தது, கீழே 'நவீன நிர்வாகத்தின் வெற்றி' என்று. வலையை அவன் தலைகீழாகப் பிடித்திருந்ததை சூயும்கான் மட்டும் கவனித்தாள். போகட்டும், தொட்டி தன்னிடம் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

இலையுதிர்காலத்தில் குபானிச் அவளை அறைக்குக் கூப்பிட்டான்.

"எஜே, தப்பா நினைக்காதீங்க. நீங்க ரொம்ப மெதுவாயிட்டீங்க. வெயில்லயும் கம்பளிக் கோட்டு. நேத்து தீவன மூட்டை மேலயே தூங்கிட்டீங்க. முகமெல்லாம் ஊதிக் கிடக்கு. பேசாம வீட்டுல ஓய்வா இருங்க."

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவன் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அந்த நர்ஸ் உப்பை இத்தனை வருஷமாக ஆடு தின்றது, மீன் தின்றது, தான் தின்னவில்லை என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"தம்பி, மீன் மெதுவாப் போனப்ப டாக்டரைக் கூப்பிட்டீங்க. நான் மெதுவாப் போனா ஆளை மாத்துறீங்களா?"

குபானிச் பேனாவை எடுத்து, டாக்டரைப் பார்த்துவர அவளுக்கு மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தான். சம்பளம் இல்லாமல்.