ஸ்ரெல்லா அக்காவின் காயம் ஆறியது

இல்லை, ஆறியிருந்தது. பல் பிடுங்கிய இடத்தில் முரசுச் சதை முழுதாக மூடியிருந்தது. ஸ்ரெல்லா அக்காவைத் தெரிந்த எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

செவ்வாய் காலை அவருடைய கணவர் யேசுதாசன் அண்ணை தொலைபேசி எடுத்தார். "டொக்டர், ஸ்ரெல்லா போயிட்டா." அக்கா என் பல் சிகிச்சை நிலையத்தின் உதவியாளர். எலும்புவரை போன புற்றுநோய். எதிர்பார்த்த செய்திதான். என் பயம் வேறு.

அவருக்கு எலும்புக்கான ஊசி போட்டுவந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பல் பிடுங்கினால் தாடை ஆறாமலே போகலாம். ஆனால் கடைவாய்ப் பல் பிளந்து சீழ் வைத்திருந்தது. வேறு வழியில்லை. நான் செய்யும் காயத்தோடு அவர் போய்விடக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நோயாளரின் இரத்தத்தை எடுத்து, மெசினில் சுழற்றி, அதில் திரளும் மஞ்சள் சவ்வைக் காயத்துக்குள் வைத்துத் தைப்போம். ஆறுவதற்கு உதவலாம். உறுதி இல்லை. பயந்தவர்களிடம் அக்கா சொல்வார்: "வேறை ஆக்களின்ரை இல்லை, உங்கடை ரத்தம்தான். ஏன் முழுசுறியள்?"

பல் பிடுங்கிய அன்று நோயாளர் கதிரையில் அவரே. நரம்புகள் சுருங்கியிருந்தன, ஒரு குழாய் இரத்தம்தான் வந்தது. தாமதித்தால் உறைந்துவிடும். ஓடிப்போய் வைத்து மெசினைப் போட்டேன். அது மேசையில் குதித்தது.

"எதிர்ப்பக்கம் தண்ணி வைச்சனீங்களே?"

வைக்கவில்லை. ஒற்றைக் குழாய்க்கு எதிரே அதே அளவு தண்ணீர் நிரப்பிய குழாய் வேண்டும், பாரம் சமனாக. எப்போதும் அதை வைப்பவர் அவர். நான் கவனித்ததே இல்லை.

கையில் பஞ்சை அழுத்தியபடி எழுந்து வந்தார். நிறுத்தினார், வைத்தார், மூடினார்.

"பல்லுக் குடுக்கிறதும் நான், மெசின் ஓட்டுறதும் நான். நீங்கள் இருங்கோ டொக்டர், தேத்தண்ணி போடட்டே?"

பிறகு ஒவ்வொரு கிழமையும் அவரை வாயைத் திறக்கச் சொல்லிக் காயத்தைப் பார்த்தேன். எட்டாம் கிழமை மூடியிருந்தது. அந்தச் சவ்வாலா, தானாகவா, தெரியாது.

அவர்களுடைய குருநகர் வீட்டில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில், அண்ணை என் கையைப் பிடித்தார்.

"போன கிழமையும் கணவாய்க்கறி கேட்டவ. நீங்கள் பிடுங்கின பக்கத்தாலைதான் சப்பினவ. எனக்குக் காட்டிக் காட்டி."

அழுதேன். பெரும்பாலும் நிம்மதியில்.

என்னிடம் இருப்பது, தண்ணீர் எதுவரை என்று சிவப்புப் பேனையால் அவர் கோடு கீறிய ஒரு குழாய்.

வெள்ளிக்கிழமை நிலையத்தைத் திறந்தேன். முதல் நோயாளரைக் கூப்பிடுமுன் அதில் தண்ணீர் ஊற்றிவைத்தேன், கோடுவரை.