பின்மதிலோரத்துப் புதர்க்காடு

கவிழ்த்துப் போட்ட ஒரு நீல பிளாஸ்டிக் கிரேட். அதன்மேல் மடியில் தொப்பியை வைத்தபடி ஒரு பெண். காலடியில் ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் நிர்வாக மேலாளராக இருந்த நான், கையில் எச்சரிக்கைக் கடிதத்துடன் அந்தக் காட்சிக்குள் நுழைந்தேன். குருவிகள் பறந்தன. அவர் எழுந்திருக்கவில்லை.

எல்லாரும் அவரைக் குவாலிட்டி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மணிமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். கார் கதவுக்குள் பொருத்தும் தகடுகளில் கீறல், பிசிறு, வளைவு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பக்கத்து பிரஸ் இயந்திரத்தில் அவருடைய தோழி இரண்டு விரல்களை இழந்த நாளிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. தகட்டை எடுத்தால் கை நடுங்கியது. மருத்துவர் இரண்டு முறை ‘தகுதியில்லை’ என்று எழுதிவிட்டார். மூன்றாவது முறையும் எழுதினால் வேலை போய்விடும். அந்த விதியை எழுதியவன் நானே. அழகான விதி, ஓட்டையே கிடையாது.

மன ஆறுதலுக்கும் என்னிடம் ஒரு நடைமுறை இருந்தது. குளிரூட்டிய அறை, சுவரில் காட்டின் படம், ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம். உள்ளே போக ஒரு படிவம், வெளியே வர ஒரு படிவம். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. தேநீர் இடைவேளையில் பின்மதிலுக்குப் போய்விடுவார். அங்கே வனத்துறையின் காப்புக்காட்டை ஒட்டி, கட்டடம் எழும்பாமல் தப்பிய கொஞ்சம் புதர் இருந்தது. திரும்பி வரத் தாமதமாகும்; எச்சரிக்கைக் கடிதம் அதற்குத்தான். காவலாளி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அக்கா தெனம் காட்டுக்குப் போய்க்கினுகீது சார். இன்னாக்கா, சாமியாராப் போறியான்னு கேட்டா, மொத ஆசீர்வாதம் உனக்குத்தாண்டான்னுது.”

அந்தப் புதர் அடுத்த திங்கட்கிழமை போயிருக்க வேண்டியது. தணிக்கைக்கு வருகிறவர்கள் மரங்களைத்தான் எண்ணுவார்கள், புதரை எண்ணுவதில்லை. ஆகவே அதை வழித்துவிட்டு, முன்வாசலில் இருந்ததைப் போலவே கோனோகார்பஸ் மரக்கன்றுகள் நட ஏற்பாடு செய்திருந்தேன். ஒரே இனம், ஒரே உயரம், நூல் பிடித்த வரிசை, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட தகடு. பசுமை என்றால் அதுதான் என்று மனதார நம்பியிருந்தேன்.

“முன்னால அவ்வளவு மரம் இருக்கே, அங்கே உட்காரக் கூடாதா?” என்று கிரேட்டில் இருந்தவரிடம் கேட்டேன்.

“உக்காந்து பாத்தேன் சார். அல்லாம் ஒரே மாரி கீது, லைன்ல வர்ற பார்ட்டு மாரியே. எது கோணல், எதுல கீறல்னு கண்ணு தானா தேட ஆரம்பிச்சிடுது. கை நடுங்குது.” புதரைக் காட்டினார். “இங்க பாருங்க. காரை, களா, வெப்பாலை, அதும்மேல சுத்திக்கினு ஏதோ ஒரு கொடி. ஒண்ணு மாரி ஒண்ணு இல்ல. எதையும் ரிஜெக்ட் பண்ண வேணாம். கண்ணு சும்மா கெடக்குது சார்.” பிறகு கையை நீட்டினார். “லெட்டரு எனக்குத்தான? குடுங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்.”

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பல்லுயிர்ப் பாதுகாப்பு என்ற சொல்லை ஆண்டறிக்கைகளில் எத்தனையோ முறை எழுதியவன் நான். அது ஒருவருடைய கண்ணுக்கு ஓய்வு தரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நல்லவனாக மாறும் திறமை என்னிடம் இல்லை. நடைமுறை தெரியும். காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்பதால் புதரைத் தொடலாமா என்று வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரும்வரை தொடக்கூடாது என்று கோப்பில் குறித்தேன். பதில் வராத கடிதத்தைப் போல உறுதியான வேலி வேறு இல்லை. பாம்பு நடமாட்டத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு ஒன்றை உருவாக்கி, தினம் கால்மணி நேரம் குவாலிட்டி அக்காவிடம் ஒப்படைத்தேன். “பாம்பு எதுனா வந்தா இன்னா சார் பண்ணணும்?” என்று கேட்டார். “வந்ததுன்னு எழுதுங்க, போதும்,” என்றேன்.

மூன்றாவது பரிசோதனையில் அவர் கை நடுங்கவில்லை. மருத்துவர் என் குளிரூட்டிய அறையைப் பாராட்டி இரண்டு வரி எழுதினார். மறுக்காமல் கையொப்பமிட்டேன்.

இப்போது நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கீழே ஒரே உயரத்தில் அலங்காரப் பனைகள் நிற்கின்றன. பால்கனியில் நின்றால் மூன்றாவது சற்றுச் சாய்ந்திருப்பதுதான் கண்ணில் படும். மனம் அங்கேயே உரசிக்கொண்டிருக்கும். அப்போதெல்லாம் ஒரு காட்சியை வலிந்து நினைத்துக்கொள்வேன்.

தகுதிச் சான்று வந்த மறுவாரம், விபத்துக்குப் பிறகு வீட்டைவிட்டே வராத தோழிக்கு அனுமதிச் சீட்டு கேட்டு அக்கா என்னிடம் வந்தார். விதியில் இடமில்லை; கொடுத்தேன். சன்னல் வழியே பார்த்தேன். ஒரே கிரேட்டில் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தோழியின் வலது கை முந்தானைக்குள் சுருண்டிருந்தது. புதருக்குள்ளிருந்து ஒரு செம்போத்து தத்தி வெளியே வந்தது. தோழி சட்டென்று அக்காவின் தோளைத் தட்டி, “அத்தோ, அத்தோ பாரு!” என்று முந்தானைக்குள்ளிருந்த கையை எடுத்து நீட்டினார்.