பின்சீட்டுக்கு வந்த அப்பா

எங்கள் சிவப்பு ஹேட்ச்பேக்கைப் பார்த்து ஏமாறாதவர்கள் பொம்மனஹள்ளியிலேயே கிடையாது. பார்க்கச் சாதுவான சின்னக் கார். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் பெரிய என்ஜினைத் திணித்திருந்தார்கள். சிக்னலில் பச்சை விழுந்தால் போதும், நீளமான கார்களெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் வரும். ஓட்டுவது அம்மா. ஹெப்பகோடியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், தானே தேடிப் பிடித்து வாங்கிய வண்டி. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வருவார். "மெதுவா, மெதுவா! ஐயோ, லாரி!"

நான் பின்சீட்டில், நடுவில். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் அம்மாவின் முகம் முழுசாகத் தெரியும். வீட்டில் கடுகடுவென்று இருப்பவள், மூன்றாவது கியர் விழுந்ததும் தனக்குத்தானே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் எங்கே கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா ஒரே பிடியாக நின்றார்.

"டிக்கியில ஒரு அரிசி மூட்டை நிக்குதா? இத வித்துட்டுப் பெரிய வண்டியா வாங்கலாம்."

அம்மா ஒரு பிடி பிடிப்பாள் என்று பார்த்தேன். "உங்க இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகரிலிருந்து வண்டி வாங்க ஒருவர் வந்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார். நான் அம்மாவின் காதில் கிசுகிசுத்தேன். "மோசமா ஓட்டும்மா. ரெண்டு தடவை ஆஃப் பண்ணிடு. வேணாம்னு ஓடிடுவாரு."

அம்மா முறைத்தாள். "இந்த வண்டிக்கு நானே கெட்ட பேரு வாங்கித் தரணுமா? வாய மூடிட்டு ஏறு."

வந்தவர் முன்னால் உட்கார்ந்ததால், அப்பா முதன்முதலாக என்னோடு பின்னால் ஏறினார். ஓசூர் ரோடு காலியாக இருந்தது. அம்மா ஓட்டினாளே, அடேயப்பா! கியர் மாறுவதே தெரியவில்லை. மேம்பாலம் ஏறும்போது என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இப்படி ஓட்டினால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவாவது கத்துவார் என்று திரும்பினேன். சத்தமே இல்லை. காலும் எதையும் மிதிக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கியதும் வந்தவர் பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். "மஸ்தா இருக்கு சார்! இந்த மாதிரி வண்டி இப்ப சிக்காது. இன்னிக்கே எடுத்துக்கறேன்."

அம்மா சாவியை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கை நீட்டவில்லை.

"மன்னிச்சுக்கோங்க. விக்கிறதா இல்ல."

"என்ன சார், வரச் சொல்லிட்டு!" வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் அம்மா.

அவள் உள்ளே போனபிறகு அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "உங்கம்மா எப்பவும் இப்படித்தான் சிரிச்சிட்டு ஓட்டுவாளா?"

"எப்பவும்ப்பா."

வண்டி இன்றும் ஓடுகிறது. ஓட்டுவது இன்றும் அம்மாதான். அரிசி மூட்டை முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு வருகிறது. அப்பா பின்சீட்டில், நடுவில்.