பற்றரிக்கு ஊற்றாத நீர்

சீனன்குடாவில் ஒரு நிறுவனத்தின் வாகனப் பகுதிக்கு முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். பற்றரிக்குள் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதுவும் போகக்கூடாது என்று அங்கே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்பது நினைவில்லை. கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கின்றன. அவை ஈயத் தட்டுகளில் படிந்து பற்றரியைக் கொல்லும். குழாய் நீர் கொஞ்சம் மெதுவாகக் கொல்லும். இதை எழுதிச் சுவரில் ஒட்டினேன். வாசிக்க விரும்பியவர்கள் வாசித்தார்கள். கிணற்று நீரை ஊற்ற விரும்பியவர்கள் ஊற்றினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவு முழுவதும் என் மனைவியின் பக்கம் திரும்பியது. அவளுக்கு நுரையீரல் வருத்தம். வீட்டிலேயே ஒட்சிசன் இயந்திரம் வைத்திருந்தோம். அது காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஒட்சிசன், ஒரு சிறு போத்தலிலுள்ள நீருக்குள்ளால் குமிழியிட்டு ஈரமாகி, குழாய் வழியே அவள் மூக்குக்குப் போகும். மின்சாரம் நின்றால் இயந்திரத்தை ஓட்டுவதற்கு விறாந்தையில் ஒரு பெரிய பற்றரி. ஆக, எங்கள் வீட்டில் காய்ச்சி வடித்த நீர் கேட்பவை இரண்டு: அவளுடைய போத்தல் ஒன்று, பற்றரி மற்றது.

இயந்திரத்துக்கு ஒரு கொப்பி போட்டிருந்தேன். ஓடிய மணித்தியாலம், வடிகட்டி கழுவிய நாள், போத்தல் மாற்றிய நேரம். அவள் கதிரையில் இருந்தபடி பார்த்துச் சிரிப்பாள்.

"என்னையும் ஒரு ஜீப் எண்டு பதிஞ்சு வச்சிருக்கிறீங்கள். ஒயில் எப்ப மாத்துறது?"

"கதையாதையும். மூச்சு வாங்கும்," என்பேன்.

கிளினிக்கில் ஒரு தாதி, வடித்த நீர் கிடைக்காவிட்டால் போத்தலுக்குக் கொதித்தாறிய நீர் போதும் என்றாள். அது இயந்திரத்தின் கைநூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள்.

பிறகு எரிபொருள் இல்லாத மாதங்கள் வந்தன. தினமும் மின்வெட்டு. தினமும் வெறுமையாகித் தினமும் நிரம்பிய பற்றரி, தன் நீரை வேகமாகக் குடித்தது. மருந்துக்கடையிலும் உதிரிப்பாகக் கடையிலும் வடித்த நீர் தீர்ந்துவிட்டது. கந்தளாயைத் தாண்டி லொறி வந்தால்தான் என்றார்கள். என் அலுமாரியில் ஒரேயொரு போத்தல் மிஞ்சியிருந்தது.

கிண்ணியாக்காரர் ஒருவர், முன்பு எனக்குக் கீழே மெக்கானிக்காக இருந்தவர், இப்போது பக்கத்துத் தெருவில் கராஜ் வைத்திருக்கிறார். கிழமைக்கு ஒருக்கால் வந்து பற்றரியைப் பார்ப்பார். அன்று ஆறு மூடிகளையும் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சேர், ரெண்டு அறையில தட்டு வெளிய தெரியுது. இண்டைக்கே ஊத்தோணும்."

"எங்கையும் இல்லை."

"அலுமாரியில ஒரு போத்தல் இருக்குத்தானே?"

"அது அவவின்ர."

"அக்காக்குக் கொதிச்சாறின தண்ணிய வைங்க சேர். பற்றரிக்கு அது ஏலாது, அக்காக்கு ஏலும்."

"ரெண்டுக்கும் இதுதான் எண்டு புத்தகத்தில கிடக்கு. இருக்கிறது ஒண்டெண்டால் மனுசருக்குத்தானே முதலிடம்?"

"மனுசருக்காகத்தான் சேர் நானும் சொல்லுறன்."

அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, அவர் சொல்லுறதைக் கேளுங்கோவன். நான் கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தனான். பற்றரிதான் பெரிய இடத்துப் பிள்ளை."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நல்ல நீரைப் பற்றரிக்கு ஊற்றிவிட்டுக் கேத்தல் நீரை அவளுக்கு வைப்பது எனக்கு ஏதோ துரோகம்போலப் பட்டது. மனதுக்குப் பிடிக்காததை விதிக்கு முரண் என்று சொல்லிப் பழகியவன் நான். லொறி இரண்டு நாளில் வரும் என்றேன். அவர் ஆறு மூடிகளையும் பூட்டிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் அவளுடைய போத்தலைக் கழுவி, அலுமாரியிலிருந்த நீரைக் கோடு வரை அளந்து ஊற்றி, மிச்சத்தை அவளுடைய அடுத்த நாள்களுக்கென்று மூடி வைத்து, நேரத்தைக் கொப்பியில் எழுதினேன்.

லொறி வரவில்லை. மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மூன்று மணித்தியாலம் தாங்க வேண்டிய பற்றரி இருபதாவது நிமிடம் முடியப்போகிறதென்று கத்தத் தொடங்கியது. பிறகு அதுவும் நின்றது, இயந்திரமும் நின்றது. சிறு போத்தலில் நீர் தெளிவாக, கோடு வரை இருந்தது. ஒரு குமிழியும் இல்லை.

அம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். மெக்கானிக்குக்கு அழைத்தேன். பிறகொரு தேவைக்கென்று ஒளித்து வைத்திருந்த பெற்றோலை ஓட்டோவுக்கு ஊற்றிக்கொண்டு வந்தார். ஓட்டோவில் அவள் தலை என் தோளில் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஏதோ சொல்ல வந்தாள். காதைக் கொண்டு போனேன்.

"நீங்கள்... பயப்பிடாதேங்கோ."

ஆஸ்பத்திரியில் உடனே ஒட்சிசன் வைத்தார்கள். கிடைத்தது, ஆனால் பிந்திக் கிடைத்தது. மறுநாள் விடிய அவள் போய்விட்டாள்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். கரண்ட் நின்றுவிட்டது என்றேன். அது பொய்யல்ல. அதற்கு மேல் யாரும் கேட்கவுமில்லை. கரண்டை நிற்பாட்டினவர்கள் உருப்படுவார்களா என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெற்றோல், காஸ், மருந்து என்று பேச்சு நீண்டது. எனக்கு அது வசதியாக இருந்தது.

மெக்கானிக் பந்தலின் ஓரத்தில் இருந்தார். அவளுடைய தம்பி அவரிடம் திரும்பி, "பற்றரி இருந்ததாமே, அது பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

மெக்கானிக் என்னை ஒருமுறை பார்த்தார்.

"பழைய பற்றரி. நான்தான் வடிவாப் பாக்கல்ல," என்றார்.

நான் வாய் திறந்திருக்கலாம். யாரோ தேத்தண்ணீர் நீட்டினார்கள். வாங்கிக் குடித்தேன்.